ஒருக்கா கை வெச்சுப் பாருங்க

கெசியாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். போத்தனூரில் செட்டிபாளையம் ரோட்டோரம் அவள் கடையில் இட்லி மாவு வாங்குகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். யாராவது கழுவாத போசிப் பாத்திரத்தை நீட்டினால், "இதுல ஊத்துனா நாளைக்கு மாவு புளிச்சுப்போச்சுன்னு என்னையத்தான் சொல்லுவீங்க, கழுவீட்டு வாங்க" என்று காதோடு காதாகச் சொல்வாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டே அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பி நடப்பார்.

பிறந்தது, வளர்ந்தது எல்லாம் போத்தனூர்தான். அப்பா ரயில்வேயில் கேங்மேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தாள். இங்கிலீஷ் பேச வராது, ஆனால் யார் பேசினாலும் புரியும். அப்புறம் நூல் மில்லில் வேலை. எபினேசரைக் கட்டிக்கொண்டதும் மகள் டீனா பிறந்ததும் மில் நாட்களில்தான். மில்லை மூடியபோது கூட வேலை பார்த்த பெண்கள் கேட்டில் நின்று அழுதார்கள். கெசியா நேராக வீட்டுக்கு வந்து, இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு ஈடு அரிசி போட்டாள். அடுத்த வாரமே தெருவில் மாவு விற்றாள். பதினாலு வருஷத்தில் அது ஒரு சின்ன ஷட்டர் கடை ஆனது; இரண்டு லிட்டர் போய்ப் பத்து லிட்டர் கிரைண்டர் வந்தது. அதன் குழவியைத் தூக்க ஆம்பளை ஒருத்தர் வேணும் என்று விற்றவர் சொன்னார். அவள் அங்கேயே தூக்கிக் காட்டினாள். அன்று முதல் தினமும் நாலைந்து தரம் அந்தக் கல்லைத் தூக்கி, இடுப்பைத் திருப்பிப் பக்கத்து மேடையில் வைத்து, உரலைக் கழுவி, மறுபடியும் தூக்கி உள்ளே வைத்தாள்.

வலி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில். காணிக்கைக் கவர் கை தவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். வலது பக்கம், விலாக்கூடு முடிகிற விளிம்பில், மூன்று விரல் அகலத்துக்குள், யாரோ ஆணியை உள்ளே விட்டு நெம்பியது போல இருந்தது. நிமிர முடியவில்லை. எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நின்றபோது அவள் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள்.

"கேஸா இருக்கும் புள்ள. ஒரு சோடாவைக் குடி" என்றார் எபினேசர். ஈச்சனாரிப் பக்கம் ஒரு பவுண்டரியில் அவர் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை. ஆனால் எந்த நோவுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது, அது சோடா.

கெசியா சோடா குடித்தாள். ஓமத் தண்ணி குடித்தாள், இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தாள், மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். வலி போகவில்லை. குனிந்தால் வந்தது, படுக்கையில் புரண்டால் வந்தது, தும்மினால் உயிர் போனது. பக்கத்துக் கிளினிக் டாக்டர் ஈசிஜி எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எல்லாம் நல்லாருக்குதும்மா" என்றார்.

"நல்லாருக்கறது எக்ஸ்ரேங்க. நான் இல்லீங்க" என்றாள் கெசியா.

டாக்டர் சிரித்துவிட்டு, வெயிட்டைக் குறையுங்கள், ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒரு கல் இருந்தது, நாலு மில்லிமீட்டர். சின்னக் கல்தான். ஆனால் அது கண்ணில் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் கெசியா தெரியவில்லை, கல் மட்டும்தான் தெரிந்தது.

டவுனுக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரதராஜுலு என்ற வயிற்று சர்ஜனிடம் போனார்கள். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "கிளாசிக். ஃபீமேல், ஃபார்ட்டி, ஃபேட், ஃபெர்ட்டைல்."

பெண், நாற்பது வயது, குண்டு, பிள்ளை பெறுகிறவள். பித்தக்கல் யாருக்கு வரும் என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் பண்ணுகிற நாலு வார்த்தை அது. சின்ன டாக்டர் புன்னகைத்தார். கெசியாவின் காது சூடானது. ஆயினும் வலிக்குத்தானே வந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், குனிஞ்சா வருதுங்க. சாப்பிட்டா வர்றதில்லீங்க. எண்ணெய்ப் பலகாரம் தின்னாலும் ஒண்ணும் ஆகறதில்லீங்க. கல்லுன்னா சாப்பிட்ட பொறகுதான வலிக்கும்னு சொல்றாங்க? எடத்தைக் காட்டறனுங்க, ஒருக்கா கை வெச்சுப் பாருங்க" என்றாள்.

வரதராஜுலு எபினேசர் பக்கம் திரும்பினார். "வீட்ல கூகுள் பார்ப்பாங்களா?"

"கொஞ்சம் கோவக்காரிங்க சார்" என்றார் எபினேசர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆயிருவா."

கெசியா கணவனைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். ராத்திரி அவள் புரள முடியாமல் உட்கார்ந்தே தூங்குவதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அவளும் வந்து சேர்ந்தாள். பச்சை கவுன் மாட்டிவிட்டார்கள், கையில் ஊசி குத்தி டேப் ஒட்டினார்கள். நர்ஸ் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். எல்லாரும் படிக்காமல் போடுவார்கள். கெசியா மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் வரி வரியாகப் படித்தாள். எட்டாவது வரியில், ஆபரேஷனுக்குப் பிறகும் தற்போதைய உபாதைகள் தொடரலாம் என்று இருந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"ரவுண்ட்ஸ்ல இருக்காருங்கம்மா."

"முடிச்சுட்டு வரட்டுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

வரதராஜுலு அரை மணி கழித்து வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா?"

"இதை எடுத்தா வலி போகுங்களா சார்?"

"பித்தப்பை இல்லாட்டி ஒண்ணும் ஆகாதும்மா. அது இல்லாம லட்சக்கணக்கான பேர் நல்லாருக்காங்க."

"அது சரிங்க. வலி போகுமான்னு கேட்டனுங்க."

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

கெசியாவின் குரல் இறங்கியது. "எடுத்துப் பாக்கறதுக்கு அது என்னங்க சார், சட்டைப் பையா?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். கெசியா கவுனைக் கழற்றிச் சேலை கட்டினாள். மருத்துவர் ஆலோசனையை மீறிப் போகிறேன் என்று இன்னொரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். அதையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். எபினேசர் ஆஸ்பத்திரி வாசல்வரை பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப்பில் வந்து கத்தினார். "ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" அவள் பஸ் ஏறிவிட்டாள். மூன்று வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

டீனா அம்மாவின் பக்கம் நின்றாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். நாளெல்லாம் எதையோ தேடிப் படித்து, வீடியோவில் பேசுகிற ஒரு டயட்டீஷியனைப் பிடித்தாள். அந்த அம்மாள் அரை மணி நேரம் கெசியாவின் பேச்சைக் கேட்டார். இதுவரை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. அதனாலேயே கெசியா நம்பினாள். முடிவில் அவர், எல்லாம் குளூட்டன் செய்கிற வேலை என்றார். கோதுமையில் இருக்கிற பசை அது, குடலைப் புண்ணாக்கி, வீங்க வைத்து, விலாவைத் தள்ளுகிறதாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பன், பரோட்டா எல்லாவற்றுக்கும் தடை. ஒரு துளிகூடக் கூடாது.

ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்கள் என்றார் ஒரு டாக்டர், அந்தச் சப்பாத்திதான் விஷம் என்கிறார் இவர். கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை.

"எட்டு மாசந்தாம்மா. எனக்காக ட்ரை பண்ணும்மா."

"சரி கண்ணு."

பதினாலு வருஷமாக அரிசியும் உளுந்தும் அரைத்துத் தெருவுக்கே ஊற்றுகிறவளுக்குக் கோதுமையை விடுவது பெரிய காரியமா? விட்டாள். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்கள் என்று டீனா கண்டுபிடித்தாள். ரசத்திலிருந்து பெருங்காயம் போனது. கல்யாண வீடுகளில் கெசியா இலையில் பாதியை ஒதுக்கினாள். இவ்வளவும் அவளுக்குப் பொருட்டில்லை. ஒன்று மட்டும்தான் நெஞ்சில் தைத்தது.

மாதம் ஒருமுறை கோயிலில், அதாவது சர்ச்சில், திருவிருந்து: இயேசுவின் நினைவாக அப்பமும் பாத்திரத்தில் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். ஆயர் கையில் வைக்கிற சின்ன அப்பம் கோதுமையில் செய்தது. ஒரு துளிகூடக் கூடாது என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். ஆயரிடம் கேட்டாள். அவர் நல்ல மனுஷன். "பாத்திரத்துல மட்டும் பங்கெடுங்கம்மா, கர்த்தருக்குத் தெரியும்" என்றார். கர்த்தருக்குத் தெரிந்தது. கோயில் பெண்களுக்குத் தெரியவில்லை. அப்பம் வரும்போது கெசியா கையை நீட்டாமல் மண்டியிட்டிருப்பதை முதல் மாதம் இரண்டு பேர் பார்த்தார்கள், மூன்றாவது மாதம் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நாள் கோயில் விருந்து முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது: "அப்பிடி என்ன பாவம் பண்ணுச்சாமா, அப்பத்தைத் தொடாத அளவுக்கு?"

கெசியா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். வயிற்றுக்குள் ஒரு கல், விலாவில் ஓர் ஆணி, இப்போது தலையில் பாவமும்.

எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தாள். "நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். வயிற்று உப்புசம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். வலி அப்படியேதான் இருந்தது. டீனா தினமும் வேலைவிட்டு வந்ததும், "இன்னைக்குப் பரவால்லயாம்மா?" என்று கேட்பாள். கெசியா, "பரவால்ல கண்ணு" என்பாள். மகளுக்காகச் சொன்ன அந்தப் பொய்யை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வலிக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பரவாயில்லை என்று ஒரு பொய் சொன்னதும் வீடே நம்பியது. எபினேசர்கூட, "பாத்தியா, வாயைக் கட்டுனதும் செரியாயிருச்சு" என்றார்.

இப்படி இருக்கையில்தான் கனிஷ்கா வந்தாள். கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண். சுந்தராபுரத்தில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வேலை கிடைத்து, அடுத்த தெருவில் குடி வந்திருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அரை லிட்டர் மாவு வாங்குவாள். ஒரு நாள் அவள் வந்தபோது கெசியா குழவியைத் தூக்கித் திரும்பிக்கொண்டிருந்தாள். பாதியில் முகம் சுருங்கியது. கல்லை எப்படியோ மேடையில் போட்டுவிட்டு, வலது கையை விலாவுக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க அக்கா, போன வாரமும் இதே எடத்தைத்தான் புடிச்சீங்க" என்றாள் கனிஷ்கா. "எத்தனை நாளா?"

"ஒண்ணரை வருசம். கேஸு, கல்லு, கோதுமை. நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"நான் டாக்டர் இல்லீங்க அக்கா. ஆனா ஒருக்கா தொட்டுப் பாக்கட்டுங்களா?"

கெசியா அவளையே பார்த்தாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கனிஷ்கா விரல்களைக் கொக்கி போல வளைத்து, விலா விளிம்புக்கு அடியில் மெதுவாக நுழைத்து, முன்னால் இழுத்தாள். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். இருவர் காதிலும் கேட்டது. கெசியா வீறிட்டாள்.

"இதேதானுங்களா அந்த வலி?"

"இதேதான். இதேதான்! என்னது இது?"

மேலே இருக்கிற விலா எலும்புகள் நேராக நெஞ்செலும்பில் போய்ச் சேரும், கீழே இருக்கிறவை ஒன்றை ஒன்று குருத்தெலும்பால் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கனிஷ்கா அவளுடைய கையிலேயே விரல்களை வைத்துக் காட்டினாள். அந்தப் பிடி தளர்ந்தால் ஓர் எலும்பு வழுக்கி அடுத்ததன் அடியில் போய் நரம்பை நசுக்கும். குனிந்தாலும் திரும்பினாலும் தும்மினாலும் வலிக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. கனம் தூக்கித் திரும்புகிற ஆட்களுக்கு வரலாம். "எனக்கு அப்பிடித் தோணுதுங்க. ஆனா ஒரு டாக்டர் பாத்துத்தான் சொல்லோணும். எங்க சென்டருக்கு ஒருத்தர் வருவாருங்க, அவருகிட்டக் காட்டலாம்."

அந்த டாக்டரும் அதையே சொன்னார். கெசியாவைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, அசையும்போதே ஸ்கேன் வைத்துப் பார்த்தார். எலும்பு வழுக்குவது திரையில் தெரிந்தது. நரம்பை மரத்துப்போகச் செய்ய ஓர் ஊசி போட்டார். அன்று மத்தியானத்திலிருந்து ஆறு மணி நேரம் கெசியாவுக்கு வலி இல்லை. குனிந்தாள். நிமிர்ந்தாள். மிளகாய்ப் பொடியை முகர்ந்து வேண்டுமென்றே தும்மினாள்.

சந்தோஷப்படுவாள் என்று டீனா காத்திருந்தாள். கெசியா அடுப்படியில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, "ரெண்டு நிமிசம்" என்றாள். மறுபடியும், "ரெண்டு நிமிசம் டீனா. மாவு வாங்க வந்த புள்ளைக்கு ரெண்டு நிமிசம்தான் ஆச்சு." வலி இருந்தவரை வலியைச் சுமக்கவே தெம்பு போதவில்லை. அது விலகிய அந்த ஆறு மணி நேரத்தில்தான் கோபம் முழு உருவத்தோடு எழுந்து வந்தது.

கோதுமை விஷயத்தையும் அந்த டாக்டரிடம் கேட்டாள். "நிறுத்தறதுக்கு முன்னாடியே ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கணுங்கம்மா. நிறுத்தின பொறகு பண்ணினா சரியாத் தெரியாது" என்றார். இரண்டு மாதம் வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தாள். ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து டீனா அழுதாள். "நான்தாம்மா உன்னை அலைக்கழிச்சுட்டேன்."

"நீ ஒருத்திதான் சாமி எனக்கு வலிக்குதுன்னு நம்புனே. அழுகாத" என்றாள் கெசியா. மகள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் எட்டு மாதம் மண்டியிட்டுக் கையை மடக்கிக்கொண்டிருந்ததை அவளால் விழுங்க முடியவில்லை. அந்த மாதத் திருவிருந்தில் இரண்டு கையையும் நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டாள். பாவத்தைப் பற்றி விசாரித்தவள் இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். எழுந்து போகும்போது கெசியா அவள் பக்கத்தில் நின்று, "டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சுங்க. பாவம் நெகட்டிவ்" என்று காதோடு சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்து வரதராஜுலு. வேண்டாம் என்று எபினேசர் தடுத்துப் பார்த்தார். கேட்காமல் டோக்கன் வாங்கினாள். இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போனாள். அதே சின்ன டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். வரதராஜுலு ஃபைலைத் திறந்தார்.

"ஓ. ஆபரேஷனுக்குப் பயந்து ஓடினவங்களா?"

"ஓடலீங்க சார். நடந்துதான் போனேன்."

"இப்ப எப்படி இருக்கு வலி?"

"அதைச் சொல்லத்தான் வந்தனுங்க." அவள் யாரையும் கேட்காமல் போய் ஓரத்துக் கட்டிலில் படுத்தாள். "ஒருக்கா கை வெச்சுப் பாருங்க. இங்க. விரலை அடியில விட்டு முன்னால இழுங்க."

அவர் எழுந்து வந்தது அவளுக்காகவா, சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டிருந்ததற்காகவா என்று தெரியாது. கையுறை மாட்டி, அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்து இழுத்தார். டக். கெசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் முகம் மாறியது. இரண்டாம் முறை மெதுவாக இழுத்தார். டக். சின்ன டாக்டர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஸ்லிப்பிங் ரிப். விலா எலும்பு வழுக்குது" என்றார் வரதராஜுலு, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ரொம்ப ரேர்மா இது."

"ரேர்னா கண்டுபுடிக்கக் கஷ்டமா இருக்கோணுமில்லீங்களா? இது கை வெச்சாத் தெரியுது."

"ஸ்கேன்ல கல் இருந்துச்சு. கல் இருந்தா யாரா இருந்தாலும் அதைத்தான் நினைப்பாங்க."

"நெனைச்சதுக்குக் கோவமில்லீங்க சார். நீங்களும் மனுசன்தான். சாப்பிட்டா வலிக்கலை, குனிஞ்சா வலிக்குதுன்னு நான் சொன்னேன். நீங்க என்ற வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்தீங்க. அதுக்குத்தான் கோவம்." அவள் குரல் தரையோடு தரையாகப் போய்விட்டது. "அப்பறம், அன்னைக்கு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொன்னீங்க. நாலும் எனக்குப் புரிஞ்சுது."

சின்ன டாக்டர் சிவந்துபோனார். வரதராஜுலு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார், வைத்தார்.

"இப்பக் கண்டதை ஃபைல்ல எழுதுங்க சார்."

எழுதினார். அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். கல் அப்படியேதான் இருக்கிறது, வருஷம் ஒருமுறை ஸ்கேன் பாருங்கள், சாப்பிட்ட பிறகு வலித்தாலோ காய்ச்சலோடு வலித்தாலோ உடனே வாருங்கள் என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அது. சரிங்க என்று கேட்டுக்கொண்டாள். மன்னிப்பு அவர் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்துப் போகவில்லை.

வெளியே எபினேசர் வண்டியோடு நின்றார். "சொல்லிப்போட்டியா? இனியாச்சும் கோவம் ஆறுச்சா?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உக்கடம் குளக்கரை வந்ததும், "ஏனுங்க, வண்டியை ஓரங்கட்டுங்க" என்றாள்.

"என்னாச்சு? வலிக்குதா?"

"இன்னும் ஒருத்தரைக் கேக்க வேண்டியிருக்குதுங்க."

அவர் வண்டியை நிறுத்தினார். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கெசியா இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த டாக்டருக்கு நான் யாரோ. தினமும் அம்பது பேர்ல ஒருத்தி. நீங்க யாருங்க? ராத்திரியெல்லாம் நான் உக்காந்துட்டே தூங்கினேனே, அதை யாரு பாத்தது? பாத்துப்போட்டு அங்க போயி, கோவக்காரின்னு சொல்லிக் கொடுத்தீங்களே. அந்த ஒரு வார்த்தைக்கு அப்பறம் நான் சொன்னது எதையாச்சும் அந்தாளு கேட்டானா?"

"எனக்கு என்ன தெரியும் கெசி? டாக்டர் சொன்னாங்க, நம்புனேன்."

"டாக்டரை நம்புனீங்க. மருந்துக்கடைக்காரனை நம்புனீங்க. வீடியோல பேசுன அம்மாவை நம்புனீங்க. என்னைய ஒருத்தியத்தான் நம்பலை."

எபினேசர் குளத்துத் தண்ணீரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடியும் போட்டு, மறுபடியும் கழற்றினார். "தப்புத்தான்" என்றார்.

"தப்புன்னு சொன்னாப் பத்தாதுங்க."

"என்ன பண்ணோணும்?"

"நாளைக்குக் காத்தால கடைக்கு வாங்க. அந்தக் குழவியைத் தூக்கி வெச்சுட்டு அப்பறம் பவுண்டரிக்குப் போங்க."

வந்தார். முதல் நாள் இரண்டு தடவை தூக்கினார். மூன்றாம் தடவை மேடையில் இடித்து ஓர் ஓரத்தைப் பெயர்த்துவிட்டார். நாலாம் நாள் முதுகில் தைலம் தேய்த்துவிடச் சொல்லி டீனாவிடம் கேட்டார். பன்னிரண்டாம் நாள், "இதையா இத்தனை வருசமாத் தூக்குனே?" என்றார். கெசியா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கேட்காமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த மாதம், கல்லைத் தூக்காமலே அப்படியே சாய்த்து மாவு எடுக்கிற கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டார்கள்.

கனிஷ்கா வாரம் இரண்டு நாள் வந்து மூச்சுப் பயிற்சியும் வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள். மாவுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று கெசியாவும், கொடுக்காமல் போகமாட்டேன் என்று அவளும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். வலி பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. படுக்கையில் புரளலாம். தும்மல் வரும்போது மட்டும் விலாவைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோபமும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. எபினேசர் காப்பி போட்டுக் கொடுத்தால் குடிக்கிறாள், ஆனால் அவர் ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

போன வாரம் ஊசி போட்ட டாக்டரிடம் திரும்பவும் போனார்கள். இப்படியே இருந்தால், வழுக்குகிற அந்தக் குருத்தெலும்பை ஆபரேஷன் செய்து சரிபண்ணவும் வழி இருக்கிறது என்றார் அவர். எபினேசர் வாயைத் திறக்கப் போனார். பிறகு மூடிக்கொண்டார். டாக்டர் கெசியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணுனா வலி போகுங்களா சார்?" என்று கேட்டாள்.

"நெறையப் பேருக்குப் போயிருக்குங்கம்மா. சில பேருக்குப் போகலை. உங்களுக்குப் போகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அவசரமில்லை, யோசிச்சு நீங்களே சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்தாள். அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.